வென்றவரின் சாமி, தோற்றவரின் சாமி

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். பட்டியலில் சென்னை சிட்டி எஃப்.சி.க்கு 40 புள்ளி. ஒரே ஒரு புள்ளி பின்னால், 39-இல், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி மினர்வா பஞ்சாபோடு மோதிய அதே நேரத்தில், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு மோதியது. கோவையில் ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் மினர்வா முந்திவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு, 56-வது நிமிடத்தில் சென்னை சிட்டிக்கு ஒரு பெனால்டி. பெட்ரோ மான்சி அதைக் கோலாக்கினார். அந்த சீசனில் அவர் போட்டது 21 கோல். பின்னர் 69-வது நிமிடத்தில் கௌரவ் போரா, கூடுதல் நேரத்தில் மறுபடியும் அவரே. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் முதலில் பின்தங்கி, கடைசிக் கட்டத்தில் எழுந்து 2-1 என்று வென்றது. கணக்கு முடிந்தபோது 43, 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் முறை.

ஈஸ்ட் பெங்கால் அன்று தோற்கவில்லை. கடைசி நாளில் செய்ய வேண்டியதைச் செய்தது. கோப்பை மட்டும் வரவில்லை. ஐ-லீக்குக்கு முன்னோடியான தேசிய லீக்கை 2004-இல் வென்ற பிறகு லீக் பட்டத்தைக் கண்ணில் பார்க்காத ரசிகர் கூட்டம் அது. அவர்களில் யாராவது “இன்றைக்கு ஜெயித்தால் போதும்” என்று மட்டும் காளிகட்டத்தில் வேண்டியிருந்தால், அந்த வேண்டுதல் அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது. மனுவை எழுதிய விதத்தில்தான் ஓட்டை.

வேடிக்கையாகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. கோப்பை ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர். இருவரும் நல்லவர்கள், இருவரும் உழைத்தவர்கள், இருவரும் மனமுருகிக் கேட்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து பறித்துத்தான் கொடுக்க வேண்டும். அப்படியிருக்க, வெற்றி கேட்டு வேண்டுவது முறைதானா?

தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். வேண்டுதல் அங்கே அன்றாட விஷயம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்தும் ஆயிரங்கண் பானை சுமந்தும் வரும் கூட்டத்தில், கேட்டது கிடைத்ததற்காகக் கடன் தீர்க்க வந்தவர்களே நிறைய. தேவாரம், போடி போன்ற ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போவார்கள். படித்தவர்களில் சிலர் நேர்த்திக்கடனைச் சாமியோடு போடும் பேரம் என்று ஏளனமாகப் பேசுவதுண்டு. அது அவசரத் தீர்ப்பு. நேர்த்திக்கடனுக்குள் ஒரு நேர்மை இருக்கிறது: என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், மீதி என் கையில் இல்லை என்ற ஒப்புதல் அது. பலித்த பிறகு எல்லாம் என் சாமர்த்தியம் என்று மார்தட்டாமல் இருக்க, தீச்சட்டியின் சூடு உதவும்.

ஆனால் அம்மனிடம் கேட்பவை எல்லாம் ஒரே வகையல்ல. பிள்ளை வரம், அம்மை இறங்குவது, கண்மாய் நிறைவது போன்றவை ஒருவருக்குக் கிடைப்பதால் அடுத்த வீட்டில் குறைவதில்லை. பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு நம் பக்கம் வரவேண்டும் என்பது வேறு வகை. தேர்தலும் அப்படி. விளையாட்டு இந்த இரண்டாவது வகையின் சுத்தமான உதாரணம். அதில் ஒளிவுமறைவே இல்லை: நான் மேலே ஏறினால் நீ கீழே.

2023-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஐ.பி.எல். கோப்பையை வென்றதும், அந்தக் கோப்பை தியாகராய நகரிலுள்ள திருமலை திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்குப் போனது. பெருமாள் முன் வைத்துப் பூசை நடந்தது. அகமதாபாத்தில் மழையால் தள்ளிப்போன இறுதியாட்டம். நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்ட நிலையில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தார். சென்னை அதைக் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அதே ஆட்டத்தில் எதிரணியான குஜராத்துக்காக 47 பந்தில் 96 ரன் குவித்தவர் சாய் சுதர்சன், சென்னைப் பையன். அவருக்காக வேண்டிக்கொண்டவர்களும் இதே ஊரில், ஒருவேளை இதே பெருமாளிடம், வேண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நன்றி சொல்லக் கொண்டுபோக எதுவும் இல்லை.

இந்திய தத்துவத்துக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இறைவன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் எழுப்பப்படுகின்றன: பாரபட்சம், இரக்கமின்மை. ஒருவனைச் சுகத்தில் வைக்கிறான், ஒருவனைத் துன்பத்தில் தள்ளுகிறான். இவன் எப்படி நடுநிலையாளன்? ஆதிசங்கரர் தன் உரையில் சொல்லும் பதிலில் மழை வருகிறது. மழை எல்லா விதைக்கும் பொதுவாகப் பெய்கிறது. நெல்லாவதும் பார்லியாவதும் அந்தந்த விதையின் தன்மை. அதுபோல இறைவன் பொதுக் காரணம். ஏற்றத்தாழ்வு அவரவர் வினையால் வருவது. சைவ சித்தாந்தமும் பெரும்பாலும் இதே தடத்தில் போகிறது. வினை அறிவற்றது, தானாக வந்து ஒருவரிடம் சேராது; உரியவரிடம் அதைச் சேர்ப்பவன் இறைவன். அஞ்சல்காரர் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை, முகவரி பார்த்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

தனிமனித வாழ்வுக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். கால்பந்தாட்டத்துக்கு வரும்போது திணறுகிறது. 56-வது நிமிடத்து பெனால்டி யாருடைய வினை? அடித்த மான்சியுடையதா, தடுக்க முடியாமல் போன கோல்கீப்பருடையதா, சென்னை சிட்டிக்காகக் கோவை அரங்கில் தொண்டை கிழியக் கத்தியவர்களுடையதா, கோழிக்கோட்டுச் செய்திக்காகத் தவித்த கொல்கத்தாக்காரர்களுடையதா? நாற்பத்து நான்கு ஆட்டக்காரர்கள், இரண்டு மைதானம், இலட்சக்கணக்கில் ரசிகர்கள். அத்தனை பேரின் முன்வினையும் ஒரே மாலையில் ஒரே பந்தின் வழியாகப் பைசல் ஆக வேண்டுமென்றால், சித்திரகுப்தனின் கணக்குப்பிள்ளைகளுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

சரி, மழையாவது பொதுவானதா? இதைக் கேட்க ஏலமலைச் சரிவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஐ-லீக் அந்த சீசன் தொடங்கியது 2018 அக்டோபரில். அதற்கு இரண்டு மாதம் முன், ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. இடுக்கியில் மலைச்சரிவுகள் பெயர்ந்து இறங்கின. ஏலத்தோட்டங்களில் தண்ணீர் நின்று செடி அழுகியது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் வீடு வைத்துக்கொண்டு மலைக்கு மேலே தோட்டம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்குச் செடி போனது, சிலருக்குத் தப்பியது. ஒரே மலை, ஒரே மழை. தோட்டம் எந்தச் சரிவில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். அடுத்த ஆண்டு காய் வரத்து சுருங்கியது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அதற்கு முன் கேள்விப்படாத விலை. செடி தப்பியவர்கள் அந்த வருடம் கடன் அடைத்தார்கள், வீடு கட்டினார்கள். கோயிலுக்குச் செய்தவர்களும் உண்டு. அது இயல்பானதுதான்.

ஆனால் அந்த விலை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கால்பந்து மைதானத்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம். பக்கத்துத் தோட்டத்தில் செடி அழுகியதுதான் இந்தத் தோட்டத்துக் காய்க்கு விலையானது. எல்லாருக்கும் நல்ல விளைச்சல் என்றால், அதோடு குவாத்தமாலாவிலும் அமோகம் என்றால், ஸ்டோரில் மூட்டை மூட்டையாகக் காய் இருக்கும், விலை இருக்காது. அடுத்த இரண்டு ஆண்டில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். 2021-இல் கிலோ ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. ‘மழை பெய்ய வேண்டும்’ என்பது எல்லாருக்குமான வேண்டுதல். ‘விலை ஏற வேண்டும்’ என்பது, பூமாலையை எடுத்துவிட்டுப் பார்த்தால், வேறெங்கோ விளைச்சல் குறைய வேண்டும் என்ற வேண்டுதல். கேட்பவருக்கு அந்த எண்ணம் துளியும் இருக்காது. கோவையில் கைகூப்பிய ரசிகரும் ஈஸ்ட் பெங்கால் அழட்டும் என்று நினைத்திருக்க மாட்டார்.

அதனால் விளையாட்டு வேண்டுதலைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிட்டு, தொழில் வேண்டுதலைப் பக்தி என்று மதிப்பது செல்லாது. அகமதாபாத் ஆட்டத்தில் தோற்றவரின் முகம் தொலைக்காட்சியில் தெரிந்தது. ஏலக்கூடத்தில் தெரிவதில்லை, அவ்வளவே. விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறும் பெண்களைப் பாருங்கள். காய் எடுக்கப் போகிறவர்கள். கிலோ ஏழாயிரம் விற்றதற்காக அவர்கள் கூலி ஏழு மடங்கு ஆகிவிடவில்லை. வளைவுகளில் அவர்கள் சாமியைக் கும்பிடுவது வண்டி பத்திரமாகப் போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காக. தேவாரத்துக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத சாக்கலூத்துமெட்டு மலைச்சாலை வந்தால் போடிமெட்டு வழியாகச் சுற்றுவதும் குறையும். அதற்குச் சாமியிடம் போவதா, நெடுஞ்சாலைத் துறையிடம் போவதா என்பது தனித் தத்துவப் பிரச்சினை.

உத்தமபாளையத்தில் ஒரு பாறை இருக்கிறது; இந்த விவாதத்தை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தன் உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறது. அடிவாரத்தில் கருப்பணசாமி கோயில். பாறையின் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த புடைப்புச் சிற்பங்கள், பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். பாண்டிநாட்டுக் குன்றுகள் பலவற்றில் பெயர் விட்டுச்சென்ற அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இங்கும் உண்டு. தேவாரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

அந்தத் தீர்த்தங்கரர்களிடம் வெற்றி கேட்க முடியாது. அவர்களுக்குக் காது இல்லை என்பதல்ல காரணம். சமண நெறிப்படி அவர்கள் விருப்பு வெறுப்பைக் கடந்தவர்கள். துதித்தால் மகிழ்வதில்லை, திட்டினால் சினப்பதில்லை, எதையும் கொடுப்பதுமில்லை. உலகை நடத்தும் இறைவன் என்ற ஒருவரே அந்த நெறியில் இல்லை. வணங்குவது வணங்குபவரின் மனம் தெளிய. ஈஸ்ட் பெங்கால் ரசிகர் இங்கே வந்திருந்தால் ஏமாற்றம் இல்லாமல் திரும்பியிருப்பார். சென்னை சிட்டி ரசிகரும் நன்றி சொல்ல எதுவுமில்லாமல் திரும்பியிருப்பார். தர்க்கத்தில் இதைவிட ஓட்டையில்லாத நிலைப்பாடு கிடையாது. ஆனால் மனிதர்களால் அந்த உயரத்தில் ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை. சமணக் குடும்பங்களே உலகியல் தேவைகளுக்கு யட்சிகளை நாடினார்கள்; தமிழ்ச் சமணரிடம் சுவாலாமாலினிக்கும் தருமதேவிக்கும் உள்ள செல்வாக்கு தெரிந்ததே. உத்தமபாளையத்தில் அந்த வேலையைக் கருப்பணசாமி பார்க்கிறார். மேலே எதுவும் கொடுக்காதவர்கள், கீழே கேட்டால் கொடுப்பவர். ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டது, எதையும் இடித்துத் தள்ளவில்லை.

அமெரிக்காவில் இதே விவாதம் கொஞ்சம் உரத்த குரலில் நடக்கும். அங்கே எடுத்த கருத்துக்கணிப்புகளில், ஆட்டத்தில் எந்த அணி வெல்லும் என்பதில் கடவுளுக்குப் பங்கு உண்டு என்று ஏறத்தாழ நான்கில் ஒருவர் சொல்கிறார். அமெரிக்கக் கால்பந்தில், அதாவது நீள்உருண்டைப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தில், 1972 ஒரு அதிசய வருடம். டிசம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி ஓக்லண்ட் ரெய்டர்ஸிடம் 6-7 என்று பின்தங்கி, 22 விநாடி மட்டும் மிச்சமிருந்தது. பிராட்ஷா வீசிய பந்து, மோதிக்கொண்ட இரு வீரர்களிடையே எகிறித் திரும்பியது. தரையைத் தொடும் முன் அதைக் குனிந்து அள்ளிய பிராங்கோ ஹாரிஸ் எல்லைக்கோடு வரை ஓடிவிட்டார். 13-7. பந்து கடைசியாக யார் மேல் பட்டது என்பதைப் பொறுத்து அன்றைய விதிப்படி அது செல்லாமலும் போயிருக்கலாம். இன்றுவரை சண்டை தீரவில்லை. பிட்ஸ்பர்க்கோ அதற்கு அமலோற்பவ மாதாவின் பெயரை நினைவூட்டும் ஒரு பட்டத்தையே சூட்டிவிட்டது.

மாதா தந்த அருள் ஒரு வாரம்தான் செல்லுபடியானது. அடுத்த ஆட்டத்தில் மயாமி டால்ஃபின்ஸ் ஸ்டீலர்ஸை 21-17 என்று வீட்டுக்கு அனுப்பியது. அந்த டால்ஃபின்ஸ்தான் அந்த சீசனில் ஆடிய 17 ஆட்டத்தையும் வென்ற அணி. லீக்கின் வரலாற்றில் இறுதிக் கோப்பைவரை ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்த அணி வேறில்லை. அதிசயம் ஒரு பக்கம், பிசிறில்லாத உழைப்பு மறுபக்கம், உழைப்பு வென்றது என்று முடித்துவிடத் தோன்றும். அதுவும் அவ்வளவு சுத்தமான கதையல்ல. ஐந்தாவது ஆட்டத்தில் அவர்களுடைய முதன்மை ஆட்டக்காரர் பாப் கிரீஸிக்குக் கால் முறிந்தது. அவர் இடத்தில் இறங்கியவர் 38 வயதான எர்ல் மோரல், முந்தைய அணி வேண்டாமென்று விட்டவர். அவர் அங்கே இருந்தது பயிற்சியாளர் டான் ஷூலாவின் தொலைநோக்கா, தற்செயலா? அந்த வருடம் அவர்கள் சந்தித்த எதிரணிகளில் பெரும்பாலானவை வலுவற்றவை என்பது யாருடைய திறமை? 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் இதே மாதிரிக் கேள்வியை ஒழுக்கவியலுக்குள் கொண்டுவந்தார்கள்: நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றைக் கழித்துக்கொண்டே போனால், ‘இது நான் செய்தது’ என்று சொல்ல என்ன மிஞ்சும்?

ஆசீவகர்கள் ஒன்றுமே மிஞ்சாது என்று அடித்துச் சொன்னவர்கள். மற்கலி கோசாலரின் வழியில் வந்தவர்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் வாதம் செய்யும் இடத்தில் ஒரு ஆசீவகரும் பேசுகிறார். நடக்க வேண்டியது நடந்தே தீரும், முயற்சி ஒரு தோற்றம் என்பது அவர்கள் கட்சி. வள்ளுவர் கொஞ்சம் வித்தியாசமானவர். 38-ஆம் அதிகாரத்தில் ஊழுக்கு முடிசூட்டுகிறார். 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினைக்கு முடிசூட்டுகிறார். இரண்டையும் சமரசம் செய்ய உரையாசிரியர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். சமரசம் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் படிக்க வேண்டியது 62. முடிந்தபின், குறிப்பாக வென்றபின், படிக்க வேண்டியது 38. நாம் பெரும்பாலும் மாற்றிப் படிக்கிறோம். தோற்றால் விதி, வென்றால் வியர்வை.

லீக் என்ற ஏற்பாடே ஊழைக் குறைக்கச் செய்த உபாயம். ஒரு நாள் ஆட்டத்தில் ஒரு தவறான விசில் விதியாகலாம். இருபது ஆட்டத்தில் நல்லதும் கெட்டதும் ஓரளவு சமன் ஆகும். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் பயிற்சியில், ஸ்பெயினிலிருந்து வந்த சிலரோடும் தமிழ்நாட்டுப் பையன்களோடும், சென்னை சிட்டி அந்த இருபது ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் பட்டியலின் அடியில் தத்தளித்த அணி அது. அதன் வெற்றியில் ஊழைவிட உழைப்பின் பங்கு பெரிது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பற்றி அப்படித் துணிந்து சொல்ல முடியாது. 43-ம் 42-ம் ஒரே தரம். அந்த ஒரு புள்ளிக்குத்தான் கோப்பை, விருந்து, பெயர்ப்பலகை எல்லாம்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரர் இருக்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். வெற்றி கேட்டு அங்கே போவோர் குறைவு. பிடித்திருப்பது சீக்கிரம் விலகட்டும் என்று கேட்போரே அதிகம். ஏழரை எல்லாருக்கும் வரும், ராசி பார்த்து முறை வைத்து வரும் என்பதில் ஒரு விதச் சமத்துவம் இருக்கிறது. ஐ-லீக் பட்டியலும் அப்படித்தான் சுற்றியது. கோவையில் அன்று தோற்ற மினர்வா, அதற்கு முந்தைய சீசனின் சாம்பியன். கோழிக்கோட்டில் அன்று தோற்ற கோகுலம் 2021-லும் 2022-லும் கோப்பையை வென்றது. பெயர் மாறிய பஞ்சாப் அணி 2023-இல் மறுபடியும் வென்றது. சென்னை சிட்டியின் பெயர் 2021-22 சீசனின் பட்டியலிலேயே இல்லை.

ஆனால் சனிப்பெயர்ச்சிக் கணக்கும் முழுதாக ஒத்துவரவில்லை. அந்த மாலையில் ஆடிய நான்கு அணிகளில் ஐ-லீக்கை ஒருமுறைகூட வெல்லாதது ஈஸ்ட் பெங்கால் மட்டும்தான். தன் நூற்றாண்டு பிறந்த 2020-இல் அது ஐ.எஸ்.எல். போட்டிக்கு மாறிப் போய்விட்டது, முறை வரும்வரை காத்திருக்கவில்லை. கோழிக்கோட்டில் கடைசிக் கட்டத்தில் எழுந்து வென்ற அந்தப் பதினொரு பேருக்கு எந்தத் தத்துவமும் இன்னும் பதில் பாக்கி வைத்திருக்கிறது. சங்கரரின் மழை அவர்கள் மேலும் பெய்தது, விதையும் முளைத்தது. ஆசீவகர் கேட்டால் அதுதான் விதி என்று சொல்லி எழுந்து போய்விடுவார். கருப்பணசாமியிடம் கேட்டால், நேர்த்திக்கடன் என்ன பேசினாய் என்று முதலில் விசாரிப்பார்.